மூலைப் பாத்தி மச்சான்

பிப்ரவரி 4

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் மாடிப்படியைப் பார்த்தவுடன் வருகிறது, படி முடிந்ததும் போய்விடுகிறது. உங்கள் இருமல் நின்றதா? போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. "போன்ல நீ நடுவுல நடுவுல பேசுற, லெட்டர்னா யாரும் குறுக்க வரமாட்டாங்க" என்று சொன்னவர் நீங்கள்தான். அதனால் எழுதுகிறேன்.

ஓர் உதவி வேண்டும். போன தடவை உப்பளத்துக்கு வந்தபோது, மூலைப் பாத்தியின் மதகுப் பலகையில் கறுப்பாகப் படர்ந்திருந்ததைச் சுரண்டி எடுத்துவந்தேன், நினைவிருக்கிறதா? அப்பா இருந்தபோது இழைத்து மாட்டிய பலகை. அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை மாமா. அது ஒரு பூஞ்சை. உப்பில் மட்டுமே வாழ்கிற பூஞ்சை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தேன். இதுவரை யாரும் பெயர் வைக்காத வகை என்று தெரிகிறது. பெயர் வைக்கும் உரிமை எனக்கு. ஆனால் வளர்த்த பெட்டி பழுதாகிச் சூடேறி எல்லாம் செத்துவிட்டன. உயிருள்ளது கையில் இல்லாமல் பெயரும் கிடையாது, கட்டுரையும் கிடையாது என்கிறார் என் பேராசிரியர். இந்த ஆண்டுக்குள் கிடைக்காவிட்டால் என் இத்தனை வருட வேலையும் குப்பைக் கூடைக்குத்தான்.

மழைக்கு முன்னால் மூலைப் பாத்தியில் மண் கொட்டி மூடி, கிடங்கு கட்டப்போகிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னீர்களாம். அதற்குள் பலகையிலிருந்து கொஞ்சம் சுரண்டி அனுப்புங்கள். எனக்கு இப்போது விடுப்பு கிடைக்காது.

வெயிலில் தலையில் துண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்

பிப்ரவரி 15

படிப்பில் கரைகண்ட என் மருமகளுக்கு, இந்த உப்பளத்தின் தூணும் துரும்புமாகிய மாமா எழுதிக்கொள்வது.

நான் சிங்கம்போல இருக்கிறேன். இருமல் என்னைப் பார்த்துப் பயந்து ஓடிவிட்டது என்று டாக்டரே வாய்விட்டுச் சொன்னார். உன் அம்மாவிடம் மாடி வீட்டுக்கு ஏன் ஆசைப்பட்டாய் என்று கேள். தரையில் பிறந்தவள்தானே.

உன் கடிதம் வந்ததும், கடல் தண்ணீர் இறைக்கிற மோட்டாரை நிறுத்திவிட்டு அங்கேயே நின்று படித்தேன். நான் மோட்டாரை நிறுத்தினால் கடலே என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்க்கும், அது உனக்குத் தெரியும். மேனேஜர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். "ஒண்ணும் இல்ல சார், விஞ்ஞானத்துல ஒரு சந்தேகம், என்கிட்ட கேட்டிருக்காங்க" என்றேன். மனிதர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இந்தக் கறுப்பை முதலில் கண்டுபிடித்தது யார் என்று நினைக்கிறாய்? நான்தான். நீ பிறப்பதற்கு முன்னால் ஒரு நாள் அந்தப் பலகையில் கை வைத்தேன், உள்ளங்கை முழுக்க மை. வேறு ஆளாக இருந்தால் கழுவிவிட்டுப் போயிருப்பான். நான் மோந்து பார்த்தேன், நாக்கில் வைத்துப் பார்த்தேன், இதற்குள் உயிர் இருக்கிறது என்று அப்போதே அறிவித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நாலாம் வகுப்போடு நின்றதற்கே எனக்கு இவ்வளவு மூளை. ஐந்தாம் வகுப்பும் போயிருந்தால் நாடு தாங்கியிருக்காது.

ஆகவே பெயர் விஷயத்தில் நீ மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். என் பெயரை வை. இடம் இருந்தால் முன்னால் ஒரு 'திரு' சேர்த்துக்கொள்.

கேட்டது இத்துடன் வருகிறது. சுரண்டியபோது ஒரே சேறும் உப்புமாக இருந்தது. நம் வீட்டிலிருந்து பெரிய இடத்துக்குப் போகிற பொருள், அழுக்கோடு போய் நின்றால் யாருக்கு அவமானம்? இங்கே நல்ல தண்ணீருக்கு என்ன பாடு என்று உனக்குத் தெரியும், லாரி வந்தால்தான் தொண்டை நனையும். அந்தக் குடிதண்ணீரை என் குடத்திலிருந்தே எடுத்து, உப்பு கொஞ்சமும் இல்லாமல் அலசி அலசிக் கழுவி, பாட்டில் நிறைய நல்ல தண்ணீர் ஊற்றி மூடியிருக்கிறேன். விருந்தாளி மாதிரி கவனித்து அனுப்பினேன் என்று உன் பேராசிரியரிடம் மறக்காமல் சொல்.

இப்படிக்கு,
கண்டுபிடித்த மாமா

மார்ச் 12

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். பாட்டில் உடையாமல் வந்தது. உங்கள் குடத்துத் தண்ணீரை அதற்கு ஊற்றினீர்கள் என்று படித்தபோது அம்மா அந்தப் பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அங்கே ஒரு சொம்பு தண்ணீருக்கு என்ன மதிப்பு என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் மாமா, ஒன்றுகூட உயிரோடு இல்லை. நல்ல தண்ணீர்தான் அதற்கு எமன். உப்பு குறைந்ததும் தண்ணீர் உள்ளே புகுந்து, வீங்கி வெடித்துவிட்டது. கடல் நீரைவிடப் பல மடங்கு முற்றிய தண்ணீரில், மீனும் புழுவும் கிட்டே வராத இடத்தில், அது நிம்மதியாக இருக்கும். அந்தக் கறுப்பு நிறம்கூட வெயிலுக்காகப் போட்டுக்கொண்ட குடைதான். நாம் பாவம் என்று நினைத்துக் குளிர்ச்சி காட்டினால் செத்துவிடும்.

மறுபடி சுரண்டி, கழுவாமல், அந்தப் பாத்தியின் தண்ணீரிலேயே போட்டு அனுப்புங்கள். மூலைப் பாத்தியிலிருந்துதான் வேண்டும், வேறு இடத்தில் அது இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றும் சொல்லுங்கள். உப்பளத்தில் அந்தக் கறுப்பை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? கட்டுரையில் எழுத வேண்டும்.

உங்கள் மருமகள்

ஏப்ரல் 9

என் அறிவுக் கொழுந்துக்கு, மாமாவின் ஆசிகள்.

நலம், நலமே விளைக. நல்ல தண்ணீர் ஆகாது என்பது எனக்கு முன்பே தெரியும். உனக்குத் தெரிகிறதா என்று சோதித்துப் பார்த்தேன். தேறிவிட்டாய்.

இங்கே இந்த வருடம் உப்பு அமோகம். குவியல்களைப் பார்த்தால் கண் கூசுகிறது. போன வாரம் மேலே பறந்த விமானம் பனிமலை என்று நினைத்து வழி தவறி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. நான்தான் துண்டை வீசி வழி காட்டினேன். மோட்டாருக்குப் புது பெல்ட் வந்திருக்கிறது. மேனேஜர் மகளுக்குப் பல் முளைத்திருக்கிறது. ஆபீஸ் சுவருக்கு நீலச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள், அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும் உன் மாமன்தான். மூலைப் பாத்திப் பக்கம் எல்லாம் நல்லபடி இருக்கிறது.

கேட்டது பாட்டிலில் வருகிறது. முற்றிய தண்ணீர், நாக்கில் வைத்தால் காது வரை ஏறும்.

பெயர் கேட்டாயே. பெரியவர்கள் அந்தக் கறுப்பை 'ராஜமுத்திரை' என்று சொல்வார்கள். ராஜா வந்து முத்திரை குத்திய மாதிரி இருக்கும் என்பதால். இதை அப்படியே எழுது, அடைப்புக்குள் என் பெயரையும் போடு.

இப்படிக்கு,
விமானங்களுக்கு வழிகாட்டிய மாமா

மே 2

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். அம்மா படி ஏறும்போது உங்களைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், வலி தெரிவதில்லை என்கிறாள். நான் நலம்.

பாட்டிலில் வந்தவை உயிரோடு இருக்கின்றன. ஆனால் இது அது இல்லை மாமா. உப்பு உள்ள எல்லா ஊரிலும் இருக்கிற, எப்போதோ பெயர் வைத்துவிட்ட பூஞ்சை இது. நீங்கள் சுரண்டியது மூலைப் பாத்திப் பலகையில்தானா?

'ராஜமுத்திரை' என்று நான் வாசித்ததும் அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி என்னவென்று கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா சொன்னாள்: "ராஜாவும் இல்ல முத்திரையும் இல்ல. அங்க எல்லாரும் அதை மச்சான்னுதான் சொல்லுவாங்க. பேரு வச்ச மகராசனையே கேளு, ஏன் அந்தப் பேருன்னு."

ஏன் மாமா?

உங்கள் மருமகள்

ஜூன் 6

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களிடமிருந்து கடிதமே இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அம்மா தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி வருகிறாள்.

பெயரைக் கேட்டதற்காகக் கோபம் என்றால் அதை விட்டுவிடுங்கள். ஒன்றுக்கு மட்டும் பதில் போடுங்கள். மூலைப் பாத்தி இருக்கிறதா, இல்லையா?

உங்கள் மருமகள்

ஜூன் 20

மருமகளுக்கு மாமா எழுதிக்கொள்வது.

உடம்பு இரும்பு. கோபம் என்ற சாமானே என் வீட்டில் கிடையாது. பேனாவில் மை தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

முதலில் பெயர் விவகாரம். உன் அம்மா பாதியைத்தான் சொல்லியிருப்பாள். உன் அப்பா இங்கே ஒரு பருவம் வேலை பார்க்க வந்தவர். மதகு பார்க்கிற வேலை. பருவம் முடிந்ததும் போய்விடுவார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் போகவில்லை. உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு, மூலைப் பாத்தியே கதி என்று உட்கார்ந்துவிட்டார். நல்ல கறுப்பு. வாயைத் திறக்க மாட்டார். எவ்வளவு வெயில் அடித்தாலும் அசைய மாட்டார். அந்த வருடம்தான் அவர் மாட்டிய புதுப் பலகையில் இந்தக் கறுப்பு படர்ந்தது. அழைக்காமல் வந்தது, மூலையில் உட்கார்ந்தது, பேசவில்லை, போகவும் இல்லை. நான் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்: "இதுவும் நம்ம மச்சான் மாதிரியே இருக்கு." அன்றிலிருந்து அந்தப் பெயர்தான். கறுப்பு படர்ந்தால் உப்பு மங்கிவிடும் என்பதால், "மச்சான் வந்துட்டாரு, பலகையைத் தேய்ங்க" என்று மேஸ்திரியே கத்துவார்.

உன் அப்பா சும்மா இருந்தார் என்று நினைக்காதே. ஒரு நாள் மேனேஜரும் மேலிடத்து அதிகாரியும் நிற்கும்போது, முகத்தில் சிரிப்பே இல்லாமல் என் மோட்டார் கொட்டகை வாசலில் வந்து நின்று, "உங்களைத் தேடி மச்சான் வந்திருக்காரு, கொஞ்சம் கவனிங்க மச்சான்" என்றார். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரோ சம்பந்தி வீட்டு ஆள் என்று நினைத்து ஓடினால், பாத்தி முழுக்கக் கறுப்பு. அதிகாரி கேட்கிறார், "இவருக்கு எத்தனை மச்சான்?" என்று. எனக்குப் பதில் வரவில்லை. என் வாழ்க்கையில் எனக்குப் பதில் வராத ஒரே நாள் அது.

மத்தியானம் கொட்டகை நிழலில் அவரும் நானும்தான் சாப்பிடுவோம். நான் பேசுவேன், அவர் கேட்பார். ஒரு கதை எங்கே போய் முட்டும் என்று எனக்கே தெரியாதபோது, "அப்புறம்?" என்பார். அந்த ஒரு சொல் போதும், எனக்கு இன்னொரு மைல் ஓடும். இப்போது இங்கே இருப்பவர்கள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். என் கதைகள் பாதியில் நிற்கின்றன.

சரி, பாத்தி. பாத்தி இல்லை. உன் முதல் பாட்டிலை அனுப்பிக் கொஞ்ச நாளிலேயே லாரிகள் வந்துவிட்டன. மழைக்கு முன்னால் என்று அவர்கள் சொன்னது கிடங்கை, மண்ணை இல்லை. இப்போது அங்கே சமதரை. உப்பு எது மண் எது என்று உனக்கும் எனக்கும்கூடத் தெரியாது. உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தால் விமானக் கதைதான் வந்தது.

ஆனால் உன் மாமா சும்மா விடுவானா? லாரி பின்னால் வந்துகொண்டிருக்கும்போதே உள்ளே குதித்து, ஒற்றை ஆளாக அந்த மதகுப் பலகையைப் பெயர்த்து எடுத்துவந்தேன். டிரைவர் விடாமல் ஹாரன் அடித்துப் பாராட்டினான். பலகை என் மோட்டார் கொட்டகையில், பழைய சிமென்ட் தொட்டியில் இருக்கிறது. பெரிய பாத்தியிலிருந்து முற்றிய தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிவைத்திருக்கிறேன், வற்ற வற்ற ஊற்றுகிறேன். மரம் காய்ந்தால் பிளந்துவிடும், அதற்காகத்தான். வேறு ஒன்றும் இல்லை.

இரண்டாவது பாட்டில் பெரிய பாத்தி மதகில் எடுத்தது. இந்தப் பலகையில் கத்தி வைக்க வேண்டும் என்று எடுத்தேன், வைத்தேன், பிறகு கத்தியைக் கழுவி வைத்துவிட்டேன். அவர் கை வைத்து இழைத்த மரம், இப்போது மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். இதற்கு மேல் என்ன எழுதுவது?

மாமா

ஜூன் 28

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் கடிதத்தை அம்மா என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மாலைவரை திருப்பித் தரவில்லை.

எனக்கு அந்தப் பலகை நன்றாக நினைவிருக்கிறது. கவிழ்த்துப்போட்ட கூடைமேல் என்னை உட்காரவைத்துவிட்டு அப்பா அதைத் தூக்குவார். தூக்கியதும் தண்ணீர் ஒரு நாக்கு மாதிரி வெளியே நீளும். "எட்டிப் பாக்காத, கண்ணு எரியும்" என்பார். எட்டிப் பார்ப்பேன், எரியும். அவர் தன் சட்டை நுனியால் துடைப்பார், அதில் இன்னும் உப்பு இருக்கும், இன்னும் எரியும். இருவரும் சிரிப்போம். அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டது அந்த இடத்தில்தான்.

கத்தி வேண்டாம் மாமா. பஞ்சு போதும். தொட்டித் தண்ணீரிலேயே பஞ்சை நனைத்து, கறுப்பாக இருக்கிற இடத்தில் குழந்தைக்கு மருந்து போடுகிற மாதிரி ஒற்றி எடுத்து, அதே தண்ணீரோடு சின்ன பாட்டிலில் போடுங்கள். நகத்தளவு இருந்தால் போதும். மரத்தில் ஒரு கீறல்கூட விழாது. எடுத்த இடத்தில் அது மறுபடி படர்ந்துவிடும்.

உங்களுக்கு மனம் வரவில்லை என்றால் வேண்டாம். பேராசிரியரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் தொட்டியை வற்றவிடாதீர்கள்.

உங்கள் மருமகள்

ஜூலை 11

மருமகளுக்கு, பஞ்சு வைத்தியத்தில் பட்டம் பெற்ற மாமா எழுதுவது.

சுகம். அம்மாவையும் கேட்டதாகச் சொல்.

ஒற்றி எடுத்துவிட்டேன். மேனேஜர் உட்பட எல்லோரையும் கொட்டகைக்கு வெளியே நிறுத்திவிட்டு, கையைக் கழுவி, பெரிய ஆஸ்பத்திரியில் செய்கிற மாதிரி செய்தேன். என் கை நடுங்கியதே இல்லை என்பது உலகத்துக்கே தெரியும். அன்றைக்குக் காற்று கொஞ்சம் பலம், அதனால் பஞ்சு ஆடியது. "எடுத்துக்கிறேன் மச்சான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் தொட்டேன். கேட்காமல் எடுத்தால் தப்பில்லையா. உன் முதல் பாட்டில் மாதிரி ஆகிவிடக் கூடாது என்று, உப்பு உறைந்து நிற்கிற அளவுக்கு முற்றிய தண்ணீராகப் பார்த்து ஊற்றியிருக்கிறேன். மூடிக்கு மேல் மெழுகும் உருக்கிவிட்டேன்.

பெயர் பற்றி யோசித்தேன். என் பெயர் வேண்டாம். அது ஏற்கெனவே நாலு ஊருக்குத் தெரியும், இதற்கு மேல் புகழ் வந்தால் உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உன் அப்பா பெயரை வை. சம்பளம் வாங்கும்போது தன் பெயரைச் சத்தமாகச் சொல்லக்கூடக் கூச்சப்படுகிற மனுஷன். உலகம் முழுக்க அவர் பெயரைச் சொல்லட்டும், அவர் எங்கே போய் ஒளிந்துகொள்வார் என்று பார்க்கிறேன்.

செத்துப்போய் வந்து சேர்ந்தால் உடனே எழுதாதே. கொஞ்சம் பொறுத்து எழுது.

மாமா

செப்டம்பர் 5

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நலம். அம்மாவுக்கு இப்போது கைப்பிடி போட்ட படிக்கட்டு கிடைத்திருக்கிறது, நாங்கள் வீடு மாறிவிட்டோம்.

தாமதத்துக்குக் காரணம், அது மெதுவாகத்தான் வளரும். முதலில் வளர்ப்புத் தட்டில் ஒன்றுமே தெரியவில்லை. நான் பேராசிரியரிடம் தோற்றுவிட்டேன் என்று சொல்லக் கிளம்பிய காலையில், ஓரத்தில் ஊசி முனையால் புள்ளி வைத்த மாதிரி ஒரு கறுப்பு. இப்போது தட்டின் ஒரு மூலை முழுக்க அதுதான். அதுவேதான் மாமா. உயிரோடு இருக்கிறது. வேலை பிழைத்தது, நானும் பிழைத்தேன்.

அப்பா பெயரை வைக்கத்தான் உட்கார்ந்தேன். எழுதியதைப் பார்த்த அம்மா, "இந்தப் பேரைச் சொல்லி அந்த உப்பளத்துல அவரை யாரு கூப்பிட்டா? நான் கூப்பிட்டேனா?" என்று கேட்டாள். பிறகு, "உன் மாமா அவரை என்னன்னு கூப்பிடுவாரு?" என்றாள். மச்சான் என்றேன். "அவரு உன் மாமாவை?" என்றாள்.

நான் இத்தனை வருடமும் அதை யோசித்ததே இல்லை.

ஆகவே பெயர் 'மச்சான்' என்றே போகிறது. பின்னால் லத்தீன் முறைப்படி ஒரு வால் மட்டும் ஒட்டியிருக்கிறேன். பெயர் யாரைக் குறிக்கிறது என்று ஒரு வரி எழுத வேண்டும். இப்படி எழுதினேன்: 'இதை முதலில் கவனித்த, இதைக் காப்பாற்றிய இருவர் ஒருவரை ஒருவர் அழைத்துக்கொண்ட சொல்.' இருவரில் எவர் என்று பேராசிரியர் கேட்டார். அந்தச் சொல்லை அப்படி வெட்டிப் பிரிக்க முடியாது என்றேன். ஒப்புக்கொண்டார்.

உங்கள் மருமகள்

செப்டம்பர் 16

மருமகளுக்கு,

நான் நலம்.

கடிதம் வந்தது. மேனேஜரிடம் காட்டவில்லை. யாரிடமும் காட்டவில்லை.

உன் அப்பா போன பிறகு என்னை மச்சான் என்று கூப்பிட ஆள் இல்லை. உனக்கு மாமா, உன் அம்மாவுக்கு அண்ணன், இங்கே எல்லோருக்கும் மோட்டார்க்காரர். இனிமேல் எங்கேயோ முகம் தெரியாத ஊரில் வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் எல்லாம் கூப்பிடப்போகிறார்கள். கூப்பிடட்டும்.

ஒன்று மட்டும் அவர்களிடம் சொல்லிவை. அதட்டலாகக் கூப்பிட வேண்டாம். உன் அப்பா மெதுவாகத்தான் கூப்பிடுவார்.

மாமா